மூக்குக் கதவு

சிட்டுவின் தொண்டையில் மறுபடியும் கத்தி வைக்கப் போகிறார்கள் என்று அவள் அப்பா வந்து சொன்னபோது கண்ணாடியக்காவுக்கு முதலில் கோபம் வரவில்லை. தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள்.

"யாருக்கு ஆபரேஷன்?"

"நம்ம சிட்டுவுக்குத்தான் டீச்சர். வியாழக்கிழமை காலையில. வெறும் வயித்தோட கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"எதுக்கு?"

"காத்து இன்னும் மூக்கு வழியாப் போகுதாம். மெஷின் சொல்லிடுச்சாம்."

அவர் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். புருவத்தில்கூட நீலத் தெறிப்பு காயாமல் இருந்தது. அவர் முழங்காலுக்குப் பின்னாலிருந்து ஏழு வயதுச் சிட்டு எட்டிப் பார்த்தாள்.

"பொய் டீச்சர். நான் ஒரு தப்புகூட விடாம படிச்சேன். அந்த ஹெல்மெட்தான் தலையை அழுத்துச்சு. கடைசியில பார்த்தா லைட்டு சிவப்பா எரியுது. எனக்கு அழுகையா வந்துடுச்சு."

கண்ணாடியக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'படிச்சேன்' என்பதில் ப வெடித்துக்கொண்டு வந்தது. 'தப்பு' என்பதில் த பல்லைத் தொட்டு விலகியது. 'சிவப்பு' கண்ணாடிச் சில்லு மாதிரி துல்லியமாக இருந்தது. இந்தப் பேச்சிலா காற்று மூக்கு வழியாகப் போகிறது?

கண்ணாடியக்கா அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் அவளுடைய பதவிப் பெயர் யார் வாயிலும் நுழைவதில்லை. நோயாளிகளுக்கு அவள் டீச்சர். கூட வேலை செய்பவர்களுக்குக் கண்ணாடியக்கா. கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்ன முகக்கண்ணாடி வைத்திருப்பாள், அதனால் வந்த பெயர். அதைக் குழந்தையின் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு "பாப்பா சொல்லு" என்பாள். கண்ணாடியில் ஆவி படியக் கூடாது. "மாமா சொல்லு" என்பாள். இப்போது படிய வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய சோதனை.

சிட்டு பிறந்தபோதே அவளுடைய மேலண்ணம் நடுவில் பிளந்திருந்தது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே, உள்நாக்கு தொங்குகிற இடத்தில், நம் எல்லோருக்கும் சதையால் ஆன ஒரு கதவு உண்டு. பேசும்போது பெரும்பாலும் அது மூடியே இருக்கும். மூக்கில் ஒலிக்கும் மெய்கள் வரும்போது மட்டும் திறக்கும். சிட்டுவுக்கு அந்தக் கதவு மூடவே மூடாது. அதனால் வாயில் சேர வேண்டிய காற்றெல்லாம் மூக்கில் ஓடிவிடும். உதட்டை மூடி 'ப' சொல்லப் போவாள், 'ம' வரும். நாக்கை மடித்து 'ட' சொல்லப் போவாள், 'ண' வரும். சொந்தப் பெயரைக் கேட்டால் "ஹிண்ணு" என்பாள். பெற்ற தகப்பனை நாலு வயதுவரை "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். "பரவால்ல டீச்சர், எங்க வீட்டுல ரெண்டு அம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார் அந்த மனிதர். சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியின் பெரிய சர்ஜன் அந்த அண்ணத்தைத் தைத்துச் சரிசெய்தார். அவர் கைவேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு கண்ணாடியக்கா இரண்டு வருடம் அவளோடு மல்லுக்கட்டினாள். காகிதப் படகை ஊதச் சொன்னாள், பஞ்சை ஊதச் சொன்னாள், பொம்மைகளுக்குப் பாடம் நடத்தச் சொன்னாள். ஒருநாள் பயிற்சி அறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தகப்பனைப் பார்த்து அந்தப் பிள்ளை "அப்பா" என்றது. அவர் ஒரு செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பயிற்சி முடிந்த கையோடு கண்ணாடியக்காவைப் பக்கவாத வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். குழந்தைகள் பிரிவுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, இனிமேல் சோதனையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்றார்கள். வாய் கோணிப்போன பெரியவர்களுக்கு மறுபடியும் பேச்சைக் கொண்டுவருவதும் தேவையான வேலைதானே என்று அவளும் போய்விட்டாள். மெஷின் எப்படி இருக்கும் என்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது பையிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சிட்டுவின் மூக்கடியில் பிடித்தாள்.

"பாப்பா பட்டு சட்டை போட்டாச்சு. சொல்லு."

சொன்னாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"மாமா நாமம் நாணம்."

ஆவி படிந்தது. கதவு திறக்க வேண்டிய இடத்தில் திறக்கிறது, மூட வேண்டிய இடத்தில் மூடுகிறது. இதற்குமேல் ஒரு கதவிடம் என்ன எதிர்பார்ப்பது?

"நீங்க ரெண்டு பேரும் இங்கேயே உட்காருங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று மாடி ஏறினாள்.

மெஷின் அறை குளுகுளுவென்று இருந்தது. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவளைக் கண்டதும் எழுந்தாள். நல்ல பெண், புதிதாகச் சேர்ந்தவள்.

"வாங்கக்கா. மெஷினைப் பார்க்கத்தானே வந்தீங்க?"

ஹெல்மெட் மாதிரி ஒன்று. அதில் ஒரு தட்டு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் வந்து உட்காரும். தட்டுக்கு மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக். மூக்குச் சத்தம் எவ்வளவு, வாய்ச் சத்தம் எவ்வளவு என்று பிரித்துக் கணக்குப் போட்டு, அளவுக்குள் இருந்தால் பச்சை விளக்கு, மிஞ்சினால் சிவப்பு. முன்பெல்லாம் குழந்தைகளின் மூக்கில் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். பிள்ளைகள் அலறும். அந்த அலறல் வேண்டாம் என்றுதான் இதை வாங்கினார்கள். நல்ல நினைப்புதான். கண்ணாடியக்கா அதை மறுக்கவில்லை.

"குழந்தைங்க எதைப் படிக்கணும்?"

"இதோ, திரையில வருமே. மெஷினோட வந்த பாடம். வெளிநாட்டுல எழுதினது. கம்பெனியே நல்லாத் தமிழ்ல மொழிபெயர்த்துக் கொடுத்திருக்காங்க."

திரையில் பெரிய எழுத்தில் வந்தது:

வானம் நீலமாக இருந்தது. நானும் என் தம்பியும் மாமாவுடன் நடந்து ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கே மரங்களின் நிழலில் மஞ்சள் வண்ண நாய் ஒன்று நின்றது.

கண்ணாடியக்கா ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை, இந்தத் தடவை வாய்விட்டு, தன் மூக்கின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு படித்தாள். விரலடியில் மூக்கு வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. ஒரு சொல்லுக்குக்கூட ஓயவில்லை.

அப்போதுதான் வந்தது கோபம்.

"அடப்பாவிகளா!" என்றாள்.

"என்னக்கா?"

"ங, ஞ, ண, ந, ம, ன. சின்ன வயசுல மெல்லினம்னு மனப்பாடம் பண்ணினியே, ஞாபகம் இருக்கா? அந்த ஆறுக்கும் காத்து மூக்கு வழியாத்தான் போகணும். வாய் ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு இடத்துல அடைபடும். ம-வுக்கு உதடு. ந-வுக்கு நாக்கு நுனி பல்லுல. ன-வுக்குக் கொஞ்சம் மேலே, ஈறுல. ண-வுக்கு நாக்கு மடிஞ்சு உச்சியில. ஞ-வுக்கு நடுநாக்கு. ங-வுக்கு அடிநாக்கு. இடம்தான் வேற வேற, மூக்குக் கதவு ஆறுக்கும் திறந்தே இருக்கணும். திறக்கலைன்னாத்தான் வியாதி. இந்தப் பாடத்தோட மூலம் இருக்கே, அதுல மூக்கெழுத்து ஒண்ணுகூட இருந்திருக்காது. அப்படித் தேடித் தேடி எழுதியிருப்பாங்க. மூக்கெழுத்தே இல்லாததைப் படிக்கும்போதும் மூக்கில சத்தம் வந்தாத்தானே கதவு ஒழுகுதுன்னு அர்த்தம். இவங்க என்ன பண்ணியிருக்காங்க? கருத்தைப் பத்திரமா மொழிபெயர்த்துட்டு எழுத்தைக் கோட்டை விட்டுட்டாங்க. ஆறையும் இதுலயே கொட்டி வச்சிருக்காங்க. இதைப் படிச்சா யாருக்குத்தான் சிவப்பு எரியாது? கொண்டா அந்த ஹெல்மெட்டை."

போட்டுக்கொண்டு படித்தாள். சிவப்பு. அந்தப் பெண்ணையும் போடச் சொன்னாள். சிவப்பு. கையில் ஃபைலோடு வந்த நர்ஸைப் பிடித்து உட்காரவைத்தாள். அவருக்கும் சிவப்பு. "எனக்கும் அண்ணத்துல ஓட்டையா?" என்று பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசியில் வாசலில் நின்ற காவலாளியைக் கூப்பிட்டாள். அவருக்குக் கடுமையான சளி. நாலு நாளாக மூக்கு கல்லாக அடைத்திருந்தது. "வாடப் தீலபாக இருத்தது" என்று ஒருவிதமாகப் படித்து முடித்தார்.

பச்சை.

மெஷின் பார்க்கிற பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, கண்ணாடியக்காவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"ஆக, மூக்கடைச்சவரு ஒருத்தர்தான் இந்த ஆஸ்பத்திரியில ஒழுங்காப் பேசறவரு" என்றாள் கண்ணாடியக்கா. "இது வந்தப்புறம் எத்தனை பேருக்குச் சிவப்பு?"

"எல்லாருக்கும்தான்கா. கஷ்டமான கேஸுங்கதானே வருதுன்னு நினைச்சோம். சர்ஜன் மெஷின் கணக்குல ரொம்ப அதிகமா வந்தவங்களைப் பார்த்து ஆபரேஷனுக்கு எழுதுவாரு. இதுவரைக்கும் ஒருத்தனுக்குத்தான் முடிஞ்சிருக்கு. சலவைக்கடைக்காரங்க பையன். மத்தவங்க வரிசையில இருக்காங்க. முதல்ல சிட்டு."

ஒருவனுக்கு முடிந்துவிட்டது என்பதைக் கேட்டதும் கண்ணாடியக்கா அந்தச் சலவைக்கடை எங்கே இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

சர்ஜன் தன் அறையில் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று பயந்தவர் போல நின்றார். அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"எத்தனையோ நாட்டுல இந்த மெஷினை வச்சுத்தாம்மா முடிவு பண்றாங்க" என்றார்.

"அந்தந்த நாட்டுல பாடம் சரியா இருக்கும் சார். இங்க பாடமே தப்பு."

"அந்தப் பொண்ணை ரெண்டு வருஷம் நீங்கதான் பார்த்தீங்க, இல்லையா?"

"ஆமா சார்."

"அதான். உங்களுக்கு அவ மேல பாசம். பாசம் இருக்கிற காது சரியாக் கேட்காது. நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்க முன்னாடி சொல்லுவா. மெஷினுக்குப் பாசம் கிடையாது."

"பாசம் மட்டும் இல்ல சார், அதுக்குத் தமிழும் கிடையாது!"

குரல் உயர்ந்துவிட்டது. சர்ஜன் டீக் கோப்பையை மேஜையில் வைத்தார்.

"நீங்க இப்ப பக்கவாத வார்டு. இது குழந்தைங்க பிரிவு. ஏதாவது சொல்லணும்னா அடுத்த மாசம் கமிட்டியில சொல்லுங்க."

"அடுத்த மாசமா? சிட்டுவுக்கு நாளன்னைக்கு ஆபரேஷன் சார்."

"நல்லதுக்குத்தான் பண்றோம். கெடுதல் ஒண்ணும் வந்துடாது."

அவள் வெளியே வந்தாள். திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கெடுதல் ஒன்றும் வந்துவிடாது என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் அந்த இரண்டாவது ஆபரேஷன் என்னவென்று அவளுக்குத் தெரியும். தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு சதைப் பட்டையை எடுத்து மேலண்ணத்தோடு சேர்த்துத் தைப்பார்கள். ஒழுகுகிற கதவுக்கு அது முட்டுக்கொடுக்கும், பலருக்கு வாழ்வு கொடுத்த ஆபரேஷன். ஆனால் நல்ல கதவுக்கு அப்படி முட்டுக்கொடுத்தால் அது திறக்கவே திறக்காதே.

கீழே வந்து சிட்டுவின் அப்பாவிடம் ஒரே வாக்கியத்தில் சொன்னாள். "நாளைக்குக் காலையில பிள்ளையைச் சாப்பிடவச்சு எங்கிட்ட கூட்டிட்டு வாங்க. ஆபரேஷனுக்கு இப்போதைக்குச் சம்மதம் கொடுக்காதீங்க."

"பெரிய டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா டீச்சர்? அவருதானே இவளுக்கு வாயே கொடுத்தாரு."

"கோவம் வந்தா எம்மேல வரட்டும். நான் வாங்கிக்கிறேன்."

மாலையில் வேலை முடிந்ததும் நேரே சலவைக்கடைக்குப் போனாள். நீராவியும் சோப்பு வாசனையுமாக ஒற்றை அறை. முன்பக்கம் மேஜையில் ஒரு பெண் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் துணி மூட்டையின் மேல் அவள் மகன், எட்டு வயது இருக்கும், வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். அவன் விட்ட குறட்டை இஸ்திரிப் பெட்டியின் புஸ்ஸென்ற சத்தத்தையும் மிஞ்சியது. கிழவர் விடுகிற குறட்டை.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா இப்படித்தாங்க விழுந்து கிடக்கான்" என்றாள் அந்தப் பெண். "ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துடறான். ஆபரேஷன் ஆனா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்னாங்க. மூணு மாசம் ஆச்சு."

"பேச்சு எப்படிம்மா இருக்கு?"

அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"முன்னாடி நல்லாத்தாங்க பேசினான். இப்ப என்னை அம்மான்னு கூப்பிட வரமாட்டேங்குது. அப்பாங்கற மாதிரி வருது. வீட்டுல அவரு இருக்கும்போது என்னைக் கூப்பிட்டா அவரு திரும்பிப் பார்க்கறாரு. பையனுக்கு வெட்கமாப் போயிடுது. இப்பல்லாம் கூப்பிடறதே இல்ல, வந்து முந்தானையை இழுக்கிறான்."

கண்ணாடியக்காவுக்குப் புரிந்துவிட்டது. 'ம'வுக்குத் திறக்க வேண்டிய கதவைத் தைத்து மூடிவிட்டார்கள். உதடு மூடுகிறது, மூக்கு வழி இல்லை, காற்று வாயையே உடைத்துக்கொண்டு வருகிறது. பாடம் மொழிபெயர்த்தவன் யாரோ, மெஷின் விற்றவன் யாரோ, ஒரு தடவை தன் வாயாலேயே படித்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. அந்தச் சோம்பலுக்குக் கூலியாக இந்தப் பிள்ளை அம்மா என்ற சொல்லைக் கொடுத்திருக்கிறான்.

"நாளைக்குக் காலையில கடையைக் கொஞ்சம் தாமதமாத் திறக்க முடியுமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தாள். மூக்கெழுத்து ஆறும் இல்லாமல் ஒரு பத்தி எழுத வேண்டும். 'நான்' என்று தொடங்கினாள், முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். 'அவன்' உதவாது. 'என்றான்', 'சொன்னான்', 'வந்தான்' எதுவும் உதவாது. மரம், பழம், பணம், படம் எல்லாமே கடைசியில் உதட்டை மூடிக்கொள்கின்றன.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். தட்டைக் கழுவிக்கொண்டே விஷயத்தைக் கேட்டார்.

"இது என்ன பெரிய வித்தை? நான் சொல்றேன், எழுதிக்கோ. வண்டி கிளம்பியாச்சு."

"ண் இருக்கு. ம் இருக்கு."

"சரி, முன்னாடி நகருங்க."

"அதுல நாலு இருக்கு. சும்மா இருங்க."

"டிக்கெட் டிக்கெட்! சில்லறை கொடு. கதவுகிட்ட யாரு? உள்ளே போ, உள்ளே போ."

கண்ணாடியக்கா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மூக்கெழுத்துகூட இல்லை. அன்று முழுக்க முதல்முறையாகச் சிரித்தாள். "உங்க பொழைப்பு மூக்கே இல்லாத பொழைப்புங்க" என்றாள்.

"'அவன்'ங்கறதுக்கு மூக்கு வேணும்னா 'அவர்'னு எழுது. மரியாதை கொடுத்த மாதிரியும் ஆச்சு."

அப்படியே செய்தாள். அடித்து அடித்து எழுதி ஒருவழியாக முடித்தாள்.

காலை. அப்பா சுவருக்கு வெள்ளை பூசப் போய்விட்டார். அக்கா பக்கெட்டை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். பல்லி ஒரு பூச்சியைப் பிடித்தது. "ஏய் பல்லி, ஓடிப்போ!" அப்பா துரத்தித் துரத்தி அடித்தார். பல்லி கதவுக்குப் போய் எட்டிப் பார்த்துச் சிரித்தது.

மறுநாள் காலை சர்ஜன் வெளிநோயாளிகளைப் பார்க்க வந்தபோது அவர் அறை வாசலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்ணக்காரரும் சிட்டுவும், சலவைக்கடைப் பெண்ணும் மகனும். பக்கத்தில் கண்ணாடியக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"கமிட்டியில பேசச் சொன்னேனே" என்றார்.

"பேசறேன் சார். அதுக்கு முன்னாடி இந்தப் பையனை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. அப்புறம் நீங்க போன்னா போயிடறேன்."

சர்ஜனுக்குப் பையனை அடையாளம் தெரிந்தது. தான் தொட்ட தொண்டை எதையும் அவர் மறந்ததில்லை. குனிந்து அவன் தோளில் கைவைத்தார்.

"என்னடா ராஜா, நல்லா இருக்கியா? இவங்க உனக்கு யாரு?"

பையன் தன் தாயைப் பார்த்தான். உதட்டை மூடினான். கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்பா" என்றான்.

வாசலில் காத்திருந்த வேறு யாரோ சிரித்துவிட்டார்கள். பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். சர்ஜன் சிரிக்கவில்லை. குனிந்தவர் அப்படியே இருந்தார். அவன் மூக்கின் ஓரம் விரலை வைத்து, மெல்ல, "மூச்சை மூக்கு வழியா விடு பார்க்கலாம்" என்றார். பையன் முயன்று பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

"எல்லாரும் உள்ள வாங்க" என்றார். கண்ணாடியக்காவின் முகத்தைப் பார்க்காமலே, "உங்க பாடத்தைக் கொண்டாங்க" என்றார்.

சிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பல்லிக் கதையைப் படித்தாள். பல்லி சிரிக்கிற இடத்தில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. பச்சை எரிந்தது. வண்ணக்காரர், "பாஸா டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை சர்ஜன்தான் பதில் சொன்னார். "பாஸ். ஆபரேஷன் வேண்டாம். கூட்டிட்டுப் போங்க."

சலவைக்கடைப் பெண்ணிடம் திரும்பியபோது அவருக்கு வார்த்தை எளிதாக வரவில்லை. தைத்ததைப் பிரித்துவிடலாம், மூச்சும் பேச்சும் பெரும்பாலும் திரும்பிவிடும், தானே செய்கிறேன் என்றார். அந்தப் பெண் அவரையே பார்த்தாள்.

"பெரும்பாலும்னா?" என்று கேட்டாள்.

அவர் டார்ச்சை எடுத்துப் பையனை வாயைத் திறக்கச் சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் கண்ணாடியக்காவின் கோபம் அடங்கியிருக்கும். அன்று பிற்பகலே நிர்வாக அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். பெரிய அறை, மேஜையில் தூசி இல்லை, வேலையும் இல்லை. சர்ஜன் ஏற்கெனவே ஒரு நாற்காலியில் இருந்தார்.

"கம்பெனிக்குத் தெரியப்படுத்தியாச்சு" என்றார் அதிகாரி. "ரொம்ப நன்றி சொல்லியிருக்காங்க. சிறு மொழித் திருத்தம்னு போட்டு மாத்திடுவாங்களாம். விஷயம் முடிஞ்சுது. நீங்க உங்க பிரிவு இல்லாத இடத்துல போய் நோயாளிங்களைக் கலைச்சதுக்கு ஒரு விளக்கம் மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க."

"என்ன திருத்தம்னு சொன்னீங்க?"

"சிறு மொழித் திருத்தம்."

கண்ணாடியக்கா எழுந்து நின்றாள். அவள் அப்படிப் பேசி அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டதில்லை.

"சிறுசா? ஒரு குழந்தைக்கு நல்லாயிருந்த தொண்டையைத் தச்சு மூடியிருக்கோம். பெத்தவளைக் கூப்பிட முடியாம அவன் முந்தானையை இழுத்துட்டு நிக்கிறான். சிறுசுங்கறீங்க. அண்ணம் பிளந்து பிறந்த பிள்ளையைப் பெத்தவங்க ஏற்கெனவே எத்தனை பேர்கிட்ட என்னென்ன கேட்டிருப்பாங்க தெரியுமா? அவங்க மறுபடியும் வந்து, பிள்ளை நல்லாப் பேசுதுன்னு நம்பி உட்கார்ந்தா, சிவப்பைக் காட்டி, உன் பிள்ளை தேறலைன்னு அனுப்பியிருக்கோம். அத்தனை வீட்டுலயும் இன்னைக்கு அந்தப் பேச்சுத்தான் ஓடிட்டிருக்கும். பிள்ளைங்க வாயைத் திறக்கவே பயந்து உட்கார்ந்திருக்கும். இந்தப் பாடத்தைப் படிச்ச ஒவ்வொரு குழந்தையையும் திரும்பக் கூப்பிடணும். எதுக்குக் கூப்பிடறோம்னும் சொல்லணும். விளக்கம்தானே வேணும்? தர்றேன். எத்தனை பக்கம் வேணும்?"

"கூப்பிட்டா பீதி கிளம்பும்மா. ஆஸ்பத்திரி பேரு..."

"பேரா? அந்தப் பையன் என்ன பேரு சொல்லிக் கூப்பிடறான்னு போய்க் கேட்டுட்டு வந்து பேசுங்க."

அதிகாரி உதவிக்குச் சர்ஜனைப் பார்த்தார். சர்ஜன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நீங்களாவது சொல்லுங்க."

"கூப்பிடத்தான் வேணும்" என்றார் சர்ஜன். "தச்சது நான்."

அதிகாரி ஏதோ மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். கண்ணாடியக்காவிடம் விளக்கம் கேட்டது கேட்டதுதான். அதை யாரும் திரும்பப் பெறவில்லை, பக்கவாத வார்டிலிருந்து அவளை மாற்றவும் இல்லை. சர்ஜன் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. தன்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

குழந்தைகள் பிரிவின் வரவேற்பு மேஜையில் ஒரு போன் இருந்தது. மெஷின் பார்க்கிற பெண் எண்களைத் திரையில் எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியக்கா முதல் எண்ணை அழுத்தப் போனாள். சர்ஜன் கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் எடுத்தது. அவர் ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னதுமே, "ஆபரேஷன் தேதி சொல்லிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டது கண்ணாடியக்காவின் காதுவரை விழுந்தது.

"இல்லம்மா. ஆபரேஷன் வேண்டியிருக்காதுன்னு நினைக்கிறேன். ஒரு தடவை கூட்டிட்டு வாங்க, திரும்பப் பார்த்துச் சொல்றேன். அன்னைக்குக் கொடுத்த பாடத்துல தப்பு இருந்துச்சு."

"அப்ப எம் பொண்ணு சரியாப் படிக்கலையா?"

"சரியாத்தாம்மா படிச்சிருக்கா. தப்பு எங்களோடது."

அந்தப் பெண் சத்தம்போடத் தொடங்கினாள். எத்தனை நாள் தூக்கமில்லை, பிள்ளையை எப்படித் திட்டினேன், அடிக்கக்கூடச் செய்தேனே என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டினாள். சர்ஜன் ரிசீவரைக் காதிலிருந்து விலக்கவில்லை. குறுக்கே பேசவுமில்லை. அவள் ஓயும்வரை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியக்கா சுவரோரமாகக் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இதை முழுதும் கேட்காமல் எழுந்து போவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.